நடுவில் அமர்ந்தவர்கள்: மலாக்காத் தமிழரிடையே தாம்பத்திய சமரசத்தின் வரலாறு

கணவனும் மனைவியும் பிணங்கிக்கொள்ளும்போது அவர்களுக்கு நடுவே வந்து அமர்பவர் யார், அவர் யாருடைய நன்மையை முன்னிட்டு அமர்கிறார், அமர்ந்தபின் யாருடைய சொல்லைச் செவிகொடுத்துக் கேட்கிறார் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒவ்வொரு காலமும் தன் இயல்புக்கேற்ற விடையை அளித்து வந்திருக்கிறது. மலாக்கா மாநிலத்துத் தமிழர் இந்த வினாக்களுக்குக் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அளித்துவந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கங்காணி, நீதிபதி, பஞ்சாயத்துத் தலைவர், அரசாங்கம் நியமித்த சமரசக் குழு, பயிற்சி பெற்ற ஆலோசகர் என்று அந்த நடு இருக்கையில் அமர்ந்தவர்கள் மாறிவந்த கதை ஒரு புறமும், பேசுவதற்கு உரிமையின்றி ஒதுங்கி நின்ற மனைவியின் சொல் படிப்படியாகச் சபைக்குள் வந்து சேர்ந்த கதை மற்றொரு புறமும் நமக்குக் கிடைக்கின்றன. இவ்விரண்டும் ஒரே கதைதான் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்கா நகரத்திலிருந்து மூவாரை நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் பெர்ணுவை அடுத்து உம்பாய் வருகிறது. இன்று அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள், சுட்ட மீனும் நண்டும் உண்ண வருகிறவர்களாகவோ, எதிரே கடலில் தெரியும் புலாவ் பெசார் தீவிலுள்ள தர்காவுக்குப் படகேறப் போகிறவர்களாகவோ இருப்பார்கள். கடற்கரையை விட்டு உள்நோக்கித் திரும்பி, செர்க்காம், மெர்லிமாவ், ஜாசின் ஆகிய ஊர்களின் வழியே சென்றால் மண்ணின் நிறமும் மரங்களின் அணிவகுப்பும் மாறிவிடுகின்றன. இப்போது செம்பனை நிற்கும் அந்நிலத்தின் பெரும்பகுதியில் ஒரு காலத்தில் நின்றது, நம்மவர் கித்தா மரம் என்று அழைத்த ரப்பர். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்ட பெருமை இந்த மலாக்கா மண்ணுக்கே உரியது; சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் அதிகாரியான ரிட்லி தூண்டியதன் பேரில் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் நட்டுப் பார்த்து, பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் அதனை விரித்தார். அந்த மரங்களில் பால் வெட்டுவதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் ஆண்களும் பெண்களுமே நம் கதையின் நாயகர்கள்.

ஆயினும் அவர்கள் வந்திறங்கிய துறைமுகம் தமிழருக்குப் புதியதன்று. அந்நியர் ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் தலைவரின் கீழ் வாழ்ந்து, தம்முள் எழும் வழக்குகளைத் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே நிலவியது. 1511-இல் போர்ச்சுகீசியர் நகரைப் பிடித்தபோது, அவர்களுடைய தளபதி ஆல்புகர்க் அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல், தமிழ் வணிகரான நைனா சத்து என்பவரை இந்துக்களுக்கு உரிய பெண்டஹாராவாக, அதாவது தலைமை அதிகாரியாக, நியமித்தார். டச்சுக்காரர் ஆட்சியிலும் கப்பித்தான் என்னும் சமூகத் தலைவர் பதவியின் வாயிலாக இம்மரபு தொடர்ந்தது. 1781-இல் டச்சு அரசாங்கம் அளித்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டுவித்த தைவநாயகம் செட்டி அத்தகைய தலைவர்களுள் ஒருவர். காஜா பேராங்கில் இன்றும் வாழும் மலாக்காச் செட்டிகள் அம்மரபின் வழித்தோன்றல்கள். மலாய் மொழியைத் தாய்மொழியாகப் பேசினாலும் சைவக் கிரியைகளை விடாமல் போற்றி வருகிறவர்கள். ஒரு சமூகத்தின் குடும்ப வழக்கை அச்சமூகத்தின் பெரியவரே விசாரிக்கட்டும் என்ற இந்தப் பழங்கொள்கையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில், நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மலேசியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றில் அது மீண்டும் தலைகாட்டப்போகிறது.

ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரோ செட்டிகளைப்போலத் தம் சமூகத் தலைவர் ஒருவரின் கீழ் வந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கங்காணியே தலைவர். சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டிக் கப்பலேற்றி அழைத்து வருபவர் அவர். லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பில் வீடு ஒதுக்குவதும், விடியற்காலையில் பெரட்டு என்னும் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணுவதும், முன்பணத்துக்குக் கணக்கு வைப்பதும், தோட்ட மேலாளரான துரையிடம் பேசுவதும் அவரே. அவருக்குக் கிடைத்த வருமானத்தின் ஒரு பகுதி ‘தலைக்காசு’ எனப்பட்டது. தம் கீழுள்ள ஆட்களுள் அன்றாடம் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தோட்டம் அவருக்கு அளித்த தொகை அது. இந்தச் சிறு தொகையில்தான் தோட்டத்துத் தாம்பத்திய நியாயத்தின் முதல் இரகசியம் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் பிணங்கி, அவள் வேறொருவனோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டால் கங்காணிக்கு ஒரு தலை குறையும். மனம் நொந்து கணவனும் வெளியேறிவிட்டால் இரண்டு தலைகள் குறையும். ஆகவே, கங்காணி அந்தப் பிணக்கினிடையே வந்து அமர்ந்தபோது அவருடைய கண், பிரிந்தவர்களின் மனத்தைவிட மறுநாள் காலைப் பெரட்டிலேயே பெரும்பாலும் பதிந்திருந்தது என்று சொன்னால் அது அந்த மனிதர்மேல் சுமத்தும் பழியாகாது. அவரை அங்கே நிறுத்திய ஏற்பாட்டின் இயல்பே அது.

பிணக்குகள் அந்நாளில் மிகுந்திருந்தமைக்கும் காரணம் இல்லாமலில்லை. 1911-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி மலாயா இந்தியரிடையே 1,000 ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ 300 பேரே இருந்தனர். 1931-இல்கூட அந்த எண்ணிக்கை 500-ஐ எட்டவில்லை. பெண்ணின்றி ஏங்கும் ஆடவர் பலரிடையே வாழ்ந்த பெண், பிறந்த வீட்டின் காவலையும் மாமியாரின் கண்காணிப்பையும் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவள். அதே சமயம் தன் கையால் பால் வெட்டித் தன் பெயரில் கூலி வாங்குகிறவள். 1928-ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட நிர்ணயக் கூலியின்படி போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கிடைத்தன. பத்துக் காசு குறைவு என்பது அநீதியே. ஆயினும் அந்த நாற்பது காசு, ஊரில் அவளுடைய தாய்க்குக் கிட்டாத ஒரு வாய்ப்பை அவளுக்கு அளித்தது. அடிக்கும் கணவனை விட்டு அகன்று, பக்கத்துத் தோட்டத்தில் வேலை கேட்டு, வேறொருவனோடு வாழ்க்கையைத் தொடங்க அவளால் முடிந்தது. ஆட்சியாளர்களும் தோட்ட முதலாளிகளும் இதனை ஒழுக்கக்கேடு என்று தம் அறிக்கைகளில் எழுதி வைத்தார்கள். அதே செயலை அவளுடைய நிலையிலிருந்து நோக்குவோமாயின், நியாயம் கேட்க ஓர் இடமில்லாதவள் தன் கால்களாலேயே நியாயம் தேடிக்கொண்டாள் என்றுதான் எழுதத் தோன்றும்.

மனைவியை இழந்த கணவன் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு, பிறனுடைய மனைவி என்று தெரிந்தே ஒரு பெண்ணைத் தகாத நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கத் தகுதியுடையவன் கணவன். தண்டனைக்குரியவன் அழைத்துச் சென்றவன். போனவளின் விருப்பமோ, அவள் ஏன் போனாள் என்பதோ வழக்கின் மையத்தில் இடம்பெறவில்லை. களவுபோன பொருளைப்பற்றிய விசாரணையில் பொருளை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை அல்லவா? இந்தப் பிரிவு நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் நெடுங்காலம் நீடித்து, 2023-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றத்தால் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. கணவனுக்கு மட்டும் வழங்கப்பட்டு மனைவிக்கு மறுக்கப்பட்ட பரிகாரம் பால் வேற்றுமையாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கங்காணியின் சுயநலத்துக்கும் நீதிமன்றத்தின் அந்நியத் தன்மைக்கும் நடுவே, தோட்ட மக்கள் தாமே தமக்கென்று வளர்த்துக்கொண்ட ஸ்தாபனம் பஞ்சாயத்து. அதன் நற்கூறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்றைய ஆலோசகர்கள் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தெளிகிற பாடங்களுள் சில அங்கே எழுத்தறியாத பெரியவர்களின் பழக்கத்திலேயே ஊறியிருந்தன. பஞ்சாயத்துப் பெரும்பாலும் வேலை ஓய்ந்த வேளையில், மாரியம்மன் கோயில் முன்றிலிலோ லயத்து முற்றத்திலோ கூடும். சண்டை மூண்ட அன்றிரவே கூட்டுவதில்லை. சினம் ஆறட்டும் என்று இரண்டொரு நாள் தள்ளிப்போடுவது முதிர்ந்த தலைவர்களின் வழக்கம். அந்த இடைவேளையில் பெண்ணைப் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். ஆணை அவன் பங்காளி ஒருவர் அழைத்துப்போய்த் தனியே பேசுவார். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால், “தம்பி, நீ கொஞ்சம் பொறு, புள்ள சொல்லி முடிக்கட்டும்” என்று தடுத்து நிறுத்துவதும், இருவரும் சொன்னதைத் தலைவர் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, “நீ சொன்னது இதுதானே?” என்று கேட்பதும் நடைமுறை. பழைய கணக்குகள் பல வெளிப்படும். சீரில் குறைந்த நகை, கள்ளுக்கடையில் கரைந்த சம்பளம், ஊருக்கு அனுப்பிய பணம், இன்னாருடைய மச்சான் சொன்ன கடுஞ்சொல் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும் குற்றச்சாட்டுகளுக்குள்ளே உண்மையான புண் எங்கிருக்கிறது என்று துருவிக் கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர்கள் அப்பெரியவர்களுள் உண்டு. முடிவில் சாமி முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள். கோயிலுக்கு அபராதம் கட்டச் சொல்வார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி இருவரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். சேர்ந்து வாழ முடியாது என்று கண்டால் கொடுத்தது வாங்கியதைக் கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுவதும் பல சாதியாரிடையே வழக்கமாக இருந்தமையால், பிரிவு என்பது அவர்களுக்கு முற்றிலும் அறியாததொன்றன்று.

இவ்வளவு சிறப்பும் உடைய அந்தச் சபையில் ஒரு பெருங்குறை இருந்தது. அதனை மறைத்துப் பழமையைப் புகழ்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் பேசலாம், ஆனால் ஊரார் அனைவர் முன்னிலையிலும், மாமன் மைத்துனர் செவிபடவே பேச வேண்டும். தாம்பத்தியத்தின் அந்தரங்கத்தை, ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம்கூடக் கூசிக் கூசிச் சொல்லும் விஷயத்தை, லயம் முழுவதும் கேட்க எவள் சொல்வாள்? அடித்தான் என்று அவள் சொன்னால், எதற்காக அடித்தான் என்பதே அடுத்த கேள்வியாக வரும். அடித்தது தவறு என்று தீர்ப்பாகிவிட்டாலும் அபராதம் அவனுடைய சம்பளத்திலிருந்து, அதாவது அவளும் குழந்தைகளும் உண்ணும் சோற்றிலிருந்து போகும். அபமானப்பட்டவன் அன்றிரவு கதவைச் சாத்தியபின் அவளைக் காக்கப் பஞ்சாயத்து வருவதில்லை. வீட்டைச் சேர்த்து வைப்பதே தன் வெற்றி என்று சபை கருதியமையால், சேர்ந்திருப்பது அவளுக்கு அபாயமா என்ற வினாவை அது கேட்டறிய முற்படவில்லை. லயத்தின் அமைதி காக்கப்பட்டது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவள் பெரும்பாலும் மனைவியே.

ஜப்பானியர் ஆட்சிக்காலம் இச்சபைகளுக்கு முன்னொருபோதும் வராத வழக்குகளைக் கொண்டுவந்தது. 1942-க்கும் 1945-க்கும் இடையில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுபோகப்பட்டு, அவர்களுள் பெருந்தொகையினர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். கடிதமில்லை, செய்தியில்லை, போனவன் இறந்தான் என்றெண்ணி, குழந்தைகளைக் காப்பாற்ற வேறொருவனோடு வாழத் தொடங்கிய பெண்ணின் வாசலில், எலும்பும் தோலுமாக முதல் கணவன் வந்து நின்றால் நியாயம் யார் பக்கம்? இத்தகைய நிலைமையில் வழக்கமான அபராதமும் சத்தியமும் பயன்படா. குற்றவாளி என்று ஒருவரும் இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்லும் சபை வாயடைத்துப் போகும். மூவருடைய துக்கத்தையும் கேட்டு, அவர்களோடு அமர்ந்து வழி தேடுபவரே அங்கே வேண்டியவர். தீர்ப்பளிப்பது ஒரு தொழில், துணைநிற்பது வேறொரு தொழில் என்னும் உண்மையை அந்தக் கொடிய ஆண்டுகள் புலப்படுத்தின.

போருக்கு முன்பே சீர்திருத்தக் காற்றும் வீசத் தொடங்கியிருந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ. வெ. ராமசாமி பெண்ணுக்குச் சமவுரிமையையும் சுயமரியாதைத் திருமணத்தையும் இங்குள்ள மேடைகளில் முழங்கினார்; 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ அந்தக் கருத்துகளை இந்நாட்டுத் தமிழரிடையே பரப்பியது. போர் முடிந்ததும் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. குடும்பச் சண்டையின் வேர் கள்ளுக்கடையில் இருக்கும்போது கிளையை மட்டும் வெட்டிப் பயனில்லை என்று அத்தொண்டர்கள் உணர்ந்திருந்தனர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், தோட்டத்துத் தலைமை மெல்ல மெல்லக் கங்காணியின் கையிலிருந்து சங்கக் கிளைத் தலைவரின் கைக்கு மாறியது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு மலாயாத் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலறிஞர் ரவீந்திர ஜெயின், அத்தோட்டத்துக்குப் ‘பால் மலாயு’ என்று புனைபெயரிட்டு 1970-இல் வெளியிட்ட நூல், தோட்டத்து அதிகாரமும் உறவுமுறையும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது.

பின்னர்த் தோட்டங்களே சிதறலாயின. ஆங்கிலேய முதலாளிகள் விற்றுவிட்டுப் போன நிலங்கள் துண்டுதுண்டாகக் கைமாறின; ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது; மெர்லிமாவிலும் ஜாசினிலும் உள்ள இளைஞர் ஆயர் குரோவிலும் பத்து பெரண்டாமிலும் எழுந்த தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீடுகளுக்குக் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அடுத்த வீட்டாரின் பெயர்கூடத் தெரிவதில்லை. பஞ்சாயத்தைத் தாங்கிநின்ற சபை கலைந்துவிட்டது. பெரியம்மா வேறொரு மாநிலத்தில் மகனோடு இருக்கிறாள். பிணக்கு மட்டும் குடும்பத்தோடு நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் சட்டம் வந்து அமர்ந்தது. 1976-ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தபோது, முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணம் கட்டாயமாயிற்று. திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. இந்துக் குடும்பங்களில் வழக்காற்றின் நிழலில் நடந்துவந்த இரண்டாந்தாரத்துக்கு வாசல் அடைபட்டது. இச்சட்டத்தின் 106-ஆம் பிரிவு நம் வரலாற்றில் தனிச் சிறப்புடையது. இருவரும் மனமொத்துப் பிரிவதாக இருந்தாலன்றி, மணவிலக்குக் கோருபவர் முதலில் தம் குறையைச் சமரசக் குழு ஒன்றிடம் கொண்டுசெல்ல வேண்டும். கணவன் அல்லது மனைவி கைவிட்டுச் சென்று இருப்பிடம் தெரியாமை போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தக் குழு ஆறு மாதத்துக்குள் இருவரையும் அழைத்து, ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்பளித்து, வேண்டுமானால் பிறரையும் விசாரித்து, இணக்கம் காண முடியாவிடின் அவ்வாறே சான்றிதழ் வழங்க வேண்டும். ஜீவனாம்சம், சொத்து, குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவைபற்றித் தன் பரிந்துரையையும் அதில் சேர்க்கலாம். வழக்கறிஞர் எவரும் அங்கே வாதாடக்கூடாது என்று சட்டம் விதித்திருப்பது, குடும்பப் பேச்சு குடும்பப் பேச்சாகவே இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால்தான். குழுவின் வகைகளைச் சொல்லும்போது, தேசியப் பதிவு இலாகாவில் கூடும் திருமணத் தீர்ப்பு மன்றத்தோடு, ஒரு சமயமோ சமூகமோ குலமோ சங்கமோ தன் உரிய அதிகாரத்தினால் சமரசத்துக்கென்று அமைக்கும் சபையையும் சட்டம் ஏற்கிறது. கப்பித்தான்களின் காலத்துக் கொள்கை இங்கே சட்டத்தின் எழுத்தாகத் திரும்பி வந்திருப்பதைக் காணலாம். வேறுபாடு ஒன்றுண்டு, அந்தச் சபையின் முன் மனைவியும் கணவனைப்போலவே மனுதாரராக நிற்கிறாள்.

சட்டம் இருக்கையை இட்டுவிடலாம். அதில் அமர்பவருக்கு அறிவை ஊட்டிவிட முடியாது. அந்த அறிவு உலகில் வேறொரு வழியாக வளர்ந்தது. 1938-இல் லண்டனில் திருமண வழிகாட்டு மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆசிரியர், குடும்பத் தலைவி, பாதிரியார் போன்ற சாதாரண மக்களுள் தக்கவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, தம்பதியரின் குறைகளைக் கேட்க அமர்த்திய ஸ்தாபனம் அது. 1942-இல் அமெரிக்காவில் திருமண ஆலோசகர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. பின்வந்த பல பத்தாண்டுகளில் இப்பணி ஒரு கல்வித் துறையாக விரிந்தது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்தது. 1966-இல் நிறுவப்பட்ட தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குடும்ப ஆலோசனைப் பணியை மேற்கொண்டு வருகிறது.

இந்தப் பயிற்சியின் உள்ளீடு யாது என்று பார்த்தால், பஞ்சாயத்து அறிந்திருந்தவையும் அறியாதிருந்தவையும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. முதலாவது, இருவர் பக்கமும் நிற்றல். பக்கம் சாராமை என்பதை எட்ட நின்று பார்ப்பது என்று பலர் பொருள்கொள்கின்றனர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடும்ப சிகிச்சையை வளர்த்த போஸோர்மேனி-நாஜ் என்ற மருத்துவர் வற்புறுத்தியது அதற்கு மாறானது. ஒருவரிடம் முழுமையாகச் சார்ந்து அவருடைய நியாயத்தைக் கேட்டு, பிறகு அதே முழுமையோடு மற்றவரிடம் திரும்ப வேண்டும், எதிரில் இல்லாத குழந்தைகளின் நியாயத்தையும் மறக்கலாகாது என்பது அவர் போதனை. இரண்டாவது, குற்றவாளியைத் தேடுவதை விட்டுச் சுழற்சியைத் தேடுதல். அவள் கேட்கிறாள், அவன் ஒதுங்குகிறான். அவன் ஒதுங்குவதால் அவள் குரலை உயர்த்துகிறாள். குரல் உயர்வதால் அவன் கள்ளுக்கடைக்கோ கைபேசிக்கோ ஓடுகிறான். யார் தொடங்கினார் என்று பஞ்சாயத்துக் கேட்டது. ஆலோசகர் இருவரையும் பிடித்துச் சுழற்றும் அந்தச் சக்கரத்தை அவர்களுக்கே காட்டி, அதற்கெதிராக இருவரையும் ஓரணியில் நிறுத்துகிறார். கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980-களில் வகுத்த முறையின் மையம் இதுவே. கோபத்தின் அடியில் மறைந்து கிடக்கும் அச்சத்தையும், ‘நான் இவருக்கு வேண்டாதவளாகிவிட்டேனோ’ என்ற ஏக்கத்தையும் வெளியே கொண்டுவந்து, அதனைத் துணைவரின் செவியில் படச் சொல்லவைப்பது அம்முறையின் நுட்பம்.

மூன்றாவது, வேகத்தைத் தணித்தல். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான தம்பதியரின் உரையாடலை நாடித்துடிப்போடு சேர்த்துப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையின் நடுவே நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது அறிவில் ஏறாது என்றும், குறைந்தது இருபது நிமிடம் விலகியிருந்து உடல் ஆறிய பின்னரே பேச்சைத் தொடர வேண்டும் என்றும் கண்டார். சண்டையை இரண்டொரு நாள் ஆறப்போட்ட தோட்டத்துத் தலைவரின் வழக்கத்துக்கு விஞ்ஞானம் அளித்த நற்சான்று என்றே இதனைக் கொள்ளலாம். அவமதிப்பு என்னும் விஷம் மற்றெல்லாக் குறைகளினும் தாம்பத்தியத்தை விரைவில் அழிக்கும் என்பதும் அவர் முடிபு. ஊரார் முன்னிலையில் நடந்த விசாரணை அந்த விஷத்தை எவ்வளவு பெருக்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவதும் தலையாயதுமான திறமை, சேர்த்துவைப்பதற்கு முன் பாதுகாப்பை அறிதல். இருவரையும் ஒன்றாக அமர்த்துவதற்கு முன்னரே ஒவ்வொருவரையும் தனித்துச் சந்தித்து, வீட்டில் அடி உண்டா, மிரட்டல் உண்டா, அவள் அஞ்சி வாழ்கிறாளா என்று வெளிப்படையாகக் கேட்பது இன்றைய ஆலோசகரின் கடமை. அச்சம் இருக்குமிடத்தில் இருவரையும் நேருக்கு நேர் பேசவைப்பது, அவள் சொன்ன உண்மைக்கு அன்றிரவே அவளைத் தண்டனைக்கு ஆளாக்குவதாகும். அங்கே சமரசம் பின்னால் வரட்டும், அடைக்கலமும் காவலும் முன்னால் வரவேண்டும். மலேசியாவில் மகளிர் இயக்கங்களின் நீண்ட போராட்டத்தின் பயனாக 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பு ஆணை பெறுவதற்கு வழிவகுத்து, பஞ்சாயத்து எட்டாத சாத்திய கதவுக்குப் பின்னாலும் அரசின் கண் செல்லட்டும் என்று விதித்தது. மணவிலக்குச் சட்டத்தின் 106-ஆம் பிரிவிலும் அசாதாரண நிலைமைகளில் சமரசக் குழுவைத் தவிர்க்க இடமிருப்பதைத் துன்புறும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு, கேட்டதை வெளியே சொல்லாமை என்ற விரதமும் சேர்ந்தால்தான் அந்தத் தொழில் நிறைவு பெறும். லயத்து முற்றத்தில் இல்லாதது இதுவே. இது இருந்திருந்தால் எத்தனையோ பெண்கள் தம் வாயைத் திறந்திருப்பார்கள் என்பது என் துணிபு.

இன்று மலாக்காவில் பிணங்கி நிற்கும் தமிழ்த் தம்பதியர் பதிவு இலாகாவின் மன்றத்துக்குச் செல்லும்போது, பெரும்பாலும் காரியம் முற்றிப்போன பின்னரே செல்கிறார்கள். சான்றிதழ் பெறுவதற்கான ஒரு படி என்று அதனை எண்ணி ஏறுகிறார்கள். முன்னதாகவே, வார்த்தை தடித்த முதலாண்டிலேயே போய் அமரத்தக்க இடம் அவர்களுக்குத் தமிழில் வேண்டும். கோபத்தில் தாய்மொழியில் வெடித்த சொல்லை அலுவலக மொழியில் பெயர்த்துச் சொல்லும்போது அதன் கூர்மையும் அதன் அடியில் இருந்த ஏக்கமும் ஒருங்கே கரைந்துபோகின்றன. சமூகம் தன் சொந்தச் சமரசச் சபையை அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கோயில் நிர்வாகங்களும், தமிழ்ச் சங்கங்களும், பழைய மாணவர் மன்றங்களும் ஒன்றுகூடி, லண்டன் மன்றம் செய்தது போலத் தம்முள் தக்க ஆண்களையும் பெண்களையும் சரிபாதியாகத் தேர்ந்து, பதிவு பெற்ற ஆலோசகர்களிடம் முறையாகப் பயிற்றுவித்து, இரகசியம் காக்கும் உறுதிமொழியோடும் அபாயம் கண்டவிடத்து உடனே உரியவரிடம் அனுப்பும் ஒழுங்கோடும் அவர்களை அமர்த்துவார்களாயின், பஞ்சாயத்தின் அண்மையும் ஆலோசகரின் நுண்ணறிவும் ஒரே அறையில் கூடும். ஜாசினிலும் மெர்லிமாவிலும் உம்பாயிலும் அப்படியொரு சபையைத் தொடங்க மாளிகை வேண்டியதில்லை; மூடிய கதவுள்ள ஓர் அறையும், மூன்று நாற்காலிகளும், எவருடைய சொல்லையும் இறுதிவரை கேட்கப் பழகிய ஒருவரும் இருந்தால் போதும்.